வேட்டை சிற்றோவியங்கள்ல ராஜா ஏன் ஒரே படத்துல நாலு இடத்துல இருக்கார்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க

செம்பருத்தி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், திரி போடறது இதான் முதல் தடவை.

போன லீவுல குடும்பத்தோட உதய்ப்பூர் போயிருந்தோம். அங்க சிட்டி பேலஸ் மியூசியத்துல உதய்ப்பூரை ஆண்ட மேவார் ராஜாக்களோட வேட்டைப் படங்களைப் பாத்ததுல இருந்து மனசு அதுலயே சுத்திட்டு இருக்கு. நான் நினைச்சிருந்த மாதிரி கையளவு சின்னப் படம் இல்ல, சிலது நல்ல பெருசு. ஒரு படத்துல குதிரை மேல காட்டுப்பன்னியைத் துரத்திட்டுப் போறவரும் ராணாதான் (மேவார் ராஜாவை அப்படித்தான் சொல்வாங்க), மேல பாறை மறைவுல துப்பாக்கியோட உக்காந்திருக்கறவரும் அவரேதான், கீழ ஓரத்துல கூடாரம் போட்டு ஆளுங்க சமைச்சுட்டு இருக்கற இடத்துலயும் அவர் இருக்கார். எங்க பொண்ணு "அம்மா இவர் ட்வின்ஸா"ன்னு கேக்கறா, கைடு வேற "கிங் வெரி கிரேட் ஹண்டர் மேடம்"னு ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்.

எனக்கு தெரிய வேண்டியது என்னன்னா, ஒரே ஆளை இப்படித் திரும்பத் திரும்ப வரையறது ஏதாவது மரபா? அப்புறம் இதெல்லாம் நிஜமா நடந்த வேட்டையா, இல்ல ராஜாவை சந்தோஷப்படுத்த சும்மா வரைஞ்சதா? இன்னொண்ணு, அந்த மான் புலி பன்னி எல்லாம் எவ்வளவு ஆசையா வரைஞ்சிருக்காங்க, ஒவ்வொரு முடியும் தெரியுது. கொல்ற காட்சியை வரையறவங்களுக்கு அந்த மிருகத்து மேல இவ்வளவு பிரியம் எப்படி வந்துச்சுன்னு புரியவே இல்ல. பொறுமையா சொல்றவங்க சொல்லுங்க, நான் இதுல சுத்தமா புதுசு.

தூரிகைக்காரர்:

நல்ல கேள்விம்மா. நான் ட்ராயிங் டீச்சர், இருபது வருஷத்துக்கு மேல பசங்களுக்கு சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன், அதனால வரையற பக்கத்துல இருந்து சொல்றேன், வரலாறு பக்கம் மத்தவங்க வருவாங்க.

முதல் கேள்விக்கு பதில் ஆமா, அது மரபுதான். ஒரு நாள் முழுக்க நடந்ததை ஒரே தாள்ல சொல்லணும்னா ஓவியன் என்ன பண்ணுவான், காலையில கிளம்பினது, துரத்தினது, சுட்டது, சாயங்காலம் உக்காந்து சாப்பிட்டது எல்லாத்தையும் ஒரே மலை, ஒரே காட்டுக்குள்ள அங்கங்க வச்சுடுவான். நீங்க கண்ணை நகர்த்தும்போது நேரமும் நகரும். நம்ம ஊர் கோயில் சுவர்ல ராமாயணம் வரைஞ்சிருப்பாங்களே அதுலயும் ஒரே ராமர் அடுத்தடுத்து வருவார் இல்ல, ஆனா அங்க நடுவுல பட்டை போட்டுப் பிரிச்சிருப்பாங்க, மேவார்க்காரங்க அந்தப் பட்டையை எடுத்துட்டு காடு மலை ஆத்தையே பட்டையா வச்சுட்டாங்க. இந்த முறை ரெண்டாம் சங்கிராம் சிங் காலத்துல, அதாவது 1710ல இருந்து 1734 வரைக்கும், அங்க ரொம்ப பெருசா வளர்ந்துச்சு, நீங்க பாத்த பெரிய அளவு தாளும் அந்தக் காலத்துலதான் அங்க நிறைய வருது.

கூட்டத்துல ராணா யாருன்னு கண்டுபிடிக்க தலையைச் சுத்தி ஒளிவட்டம் இருக்கும், பாத்திருப்பீங்க. மேவார் வம்சம் தங்களை சூரிய குலம்னு சொல்லிக்கறவங்க, அதனால அந்த வட்டத்தை அவங்க விடவே மாட்டாங்க, புதர்ல ஒளிஞ்சு உக்காந்திருந்தாலும் வட்டம் இருக்கும். படத்தோட பின்பக்கம் பல சமயம் எழுத்து இருக்கும், எந்த ராணா, எங்க, கூட யார் யார், என்ன அடிச்சாருன்னு. கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருக்கறதால நமக்கு அது தெரியாது, ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கான பாதி பதில் அந்தப் பின்பக்கத்துலதான் இருக்கு. சும்மா புகழ்ச்சிக்குன்னா இவ்வளவு விவரம் தேவையே இல்ல.

முடி முடியா தெரியுதுன்னீங்களே, அதைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். தாள்னா ஒரு தாள் இல்ல, பல தாளை ஒட்டி அட்டை மாதிரி ஆக்கின வஸ்லி. மேல வெள்ளை பூசி, கலர் ஏத்தி, நடுநடுவுல படத்தைக் குப்புறப் போட்டு பின்பக்கத்துல இருந்து அகேட் கல்லால தேய்ப்பாங்க, அப்ப கலர் தாளோட படிஞ்சு மினுமினுன்னு ஆகும். பிரஷ் அணில் வால் முடி. புலியோட உடம்பை முதல்ல மஞ்சள் காவியா தட்டையா நிரப்பிட்டு அதுக்கு மேல கருப்பு வரி போடுவாங்கன்னு நாம நினைப்போம். அப்படி இல்ல, நல்ல படமா இருந்தா வரியே தனித்தனி முடியாலதான் ஆகியிருக்கும், வரி ஓரத்துல கருப்பு முடி மஞ்சளுக்குள்ள நுழையும், மஞ்சள் முடி கருப்புக்குள்ள நுழையும், வயித்துப் பக்கம் போகப் போக முடி நீளமாகி வெள்ளையாயிடும். இதை மனசுல இருந்து வரைய முடியாது. செத்த மிருகத்தைப் பக்கத்துல வச்சும் உயிரோட இருக்கறதைக் கூண்டுலயும் காட்டுலயும் பாத்தும்தான் இது வரும். ராஜஸ்தான்லயே இருக்கற கோட்டா சமஸ்தானத்து ஓவியர்களோட வெறும் பிரஷ் கோட்டுப் படங்கள் நிறைய மிச்சம் இருக்கு, யானை சண்டை, புலி பாய்ச்சல், எல்லாம் பயிற்சிக்குப் போட்டது. ஒரே யானைக் காலை மாத்தி மாத்தி ரெண்டு மூணு கோடு போட்டுப் பாத்திருப்பாங்க. அதைப் பாத்தா உங்க மூணாவது கேள்விக்கு நான் தனியா பதில் எழுத வேண்டியதே இல்ல.

வரலாற்றுப்பித்தன்:

டீச்சர் சார் அருமையா சொல்லிட்டார். நான் முகலாயர் பக்கம் வர்றேன், ஏன்னா வேட்டைப் படம் இந்தியாவுல ஒரு பெரிய வகையா நிலைச்சது அக்பர் பட்டறையிலதான், ராஜபுத்திரங்க அதை எடுத்து தங்க வழிக்கு மாத்திக்கிட்டாங்க.

செம்பருத்தி மேடம், "நிஜமா, புகழ்ச்சியா"ன்னு கேட்டீங்க. ரெண்டையும் பிரிக்கவே முடியாதுங்கறதுதான் என் கருத்து, ஏன்னா வேட்டையே அரசாங்க வேலை. அக்பரோட அமைச்சர் அபுல் ஃபசல், அக்பர் ஆட்சிமுறையைப் பத்தி எழுதின ஐன்-இ-அக்பரியில இதை நேராவே எழுதறார், மேலோட்டமா பாக்கறவனுக்கு வேட்டை பொழுதுபோக்கா தெரியும், ஆனா பாதுஷா அந்த சாக்குல சொல்லாம கொள்ளாம ஊர் ஊராப் போயி மக்கள் நிலைமை, வரி வசூல், படையோட நிலை எல்லாம் விசாரிப்பார்னு. அது வெறும் அலங்கார வார்த்தை இல்ல. 1560ல தனக்காக ஆட்சியை நடத்திட்டு இருந்த பைராம் கானோட பிடியில இருந்து விலக அக்பர் ஆக்ராவை விட்டுக் கிளம்பினது வேட்டைக்குப் போறேன்னு சொல்லித்தான். 1564ல மாள்வாவுல கலகம் பண்ணின ஆளுநர் அப்துல்லா கான் உஸ்பெக்கை அடக்கப் போனதும் யானை பிடிக்கப் போறேன்னுதான். பக்கத்து நாட்டுக்காரனுக்கும் உள்ளூர் கலகக்காரனுக்கும் பாதுஷா வேட்டைக்குக் கிளம்பிட்டார்னா வயித்தைக் கலக்கும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கற அக்பர்நாமா (அக்பர் ஆட்சியோட வரலாற்று நூல்) படங்களைப் பாருங்க, மொத்தம் 116 ஓவியம் அங்க இருக்கு, எல்லாம் 1590 வாக்குல வரைஞ்சது. அதுல 1567ல லாகூர் பக்கத்துல நடந்த கமர்கா வேட்டை ரெண்டு பக்கத்துக்கு விரியும். கமர்கான்னா மங்கோலியர் காலத்துல இருந்து வர்ற முறை, ஆயிரக்கணக்கான ஆளுங்க பெரிய வட்டமா நின்னு கிட்டத்தட்ட ஒரு மாசம் மிருகங்களை ஓட்டி ஓட்டி வட்டத்தைச் சுருக்கிக்கிட்டே வருவாங்க, கடைசியில தட்டி கட்டி அடைச்சுடுவாங்க, அப்புறம் பாதுஷா உள்ள இறங்குவார். அக்பர் அன்னிக்கு அஞ்சு நாள் அதுக்குள்ள வேட்டையாடினார், அம்பு, வாள், ஈட்டி, துப்பாக்கின்னு எல்லாத்தையும் போட்டு. அது முடிஞ்சப்புறம்தான் பெரிய பிரபுக்களுக்கு அனுமதி, அதுக்கப்புறம் அடுத்தடுத்த தகுதிக்காரங்களுக்கு. யோசிச்சுப் பாருங்க, அது முழுக்க படைப் பயிற்சி, ஒரு மாசம் வரிசை உடையாம அவ்வளவு ஆளை நகர்த்தறதுன்னா சும்மாவா.

அந்தப் படத்தை அமைச்சது மிஸ்கின். கலர் போட்டவங்கள்ல ஒருத்தர் மன்சூர், ஆமா பின்னாடி ஜஹாங்கீர் காலத்துல பறவையும் மிருகமும் வரையறதுல உச்சத்துக்குப் போன அதே உஸ்தாத் மன்சூர். அக்பர் குதிரை மேல வாளோட போறார், அவரைச் சுத்தி மான், நரி, முயல் எல்லாம் சுழல் மாதிரி ஓடுது, தப்பிக்க வழியே இல்ல. எனக்கு அந்தப் படம் பாக்கவே கஷ்டமா இருக்கும், மிஸ்கின் அந்தப் பதட்டத்தை அப்படி வரைஞ்சிருக்கார்.

அதே வேட்டையில ஹமீத் பக்கரின்னு ஒருத்தர் அரசவை ஊழியர் ஒருத்தர் மேல அம்பு விட்டுட்டார்னு தலையை மழிச்சு கழுதை மேல ஏத்தி வேட்டைக்களத்தைச் சுத்தி ஊர்வலம் விட்டாங்க. அதைத் தனியா மனோகர் வரைஞ்ச படம், 1604 வாக்குல உள்ளது, நியூயார்க் மெட்ரோபாலிடன்ல இருக்கு. மான் ஓடற களத்துக்குள்ளயே தண்டனையும் நடக்குது. வேட்டைக்களமும் தர்பாரும் ஒண்ணுதான்னு இதை விடத் தெளிவா எப்படி சொல்ல முடியும்.

உண்மை எப்படி படத்துல இடம் மாறும்னும் ஒரு உதாரணம் சொல்றேன். 1610ல பாரி பக்கத்துல ஜஹாங்கீர் ஒரு சிங்கத்தைச் சுடறார், சரியா படல, அது பாய்ஞ்சு வருது. ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்புல எழுதறார், கூட இருந்தவங்க பயந்து ஓடினதுல தான் கீழ விழுந்துட்டதாவும், ரெண்டு மூணு பேர் தன் நெஞ்சு மேல கால் வச்சுத் தாண்டிப் போயிட்டதாவும். ஒரு பாதுஷா இப்படி எழுதறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! துப்பாக்கித் தாங்கியைப் பிடிச்சுட்டு இருந்த அனூப் ராய்தான் ஓடாம நின்னு கையில இருந்த தடியால சிங்கத்தை அடிச்சார், சிங்கம் அவரோட ரெண்டு கையையும் வாயில கவ்விடுச்சு, அப்ப இளவரசர் குர்ரமும் இன்னும் சிலரும் வந்து வெட்டினாங்க. அனூப் ராய்க்கு சிங்கத்தை வீழ்த்தினவர்ங்கற பட்டம் கிடைச்சுது. இப்ப அந்த குர்ரம் ஷாஜகானா ஆனப்புறம், 1640 வாக்குல, அவர் ஆட்சியோட வரலாறான பாத்ஷாநாமாவுக்காக பால்சந்த் அதே சம்பவத்தை வரையறார். சிங்கத்துக்கு அடியில அனூப் ராய் இருக்கார், மறைக்கல. ஆனா படத்தோட பேச்சே இளவரசர் சிங்கத்தைத் தாக்கறதைப் பத்திதான். சம்பவம் பொய் இல்ல, யார் பக்கம் நின்னு சொல்றாங்கங்கறதுதான் மாறிடுச்சு.

செம்பருத்தி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி சார், நெஞ்சு மேல கால் வச்சுத் தாண்டின விஷயத்தை வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். டீச்சர் சார் சொன்ன வஸ்லி விஷயம் கைடு சொல்லியிருந்தா அங்கயே இன்னும் அரை மணி நேரம் நின்னிருப்பேன்.

ஒரு துணைக் கேள்வி. நீங்க கோட்டான்னு சொன்னதும் இன்டர்நெட்ல தேடிப் பாத்தேன், அது வேற மாதிரி இருக்கே? காடுதான் படம் முழுக்க, ராஜாவை நான் தேடித்தான் கண்டுபிடிச்சேன், ஒரு மூலையில மரத்து மேல தலை மட்டும் தெரியுது. அதிகாரம் காட்டற படம்னா ராஜாவை ஏன் இவ்வளவு சின்னதாக்கணும்? அப்புறம் இந்தப் படங்கள்ல பெண்களே கிடையாதா?

காட்டுவாசி:

கோட்டாவைப் பத்திங்கறதால வந்துட்டேனுங்க. எனக்கு ஓவியம் பெருசா தெரியாது, காட்டுயிர் கணக்கெடுப்புக்கு தன்னார்வலரா போறவன், அந்தக் கண்ணுல சொல்றேன்.

கோட்டா ராஜாக்கள் வேட்டையாடின முகுந்த்கட், தர்ரா காடுகள் இன்னும் இருக்கு, 2013ல இருந்து முகுந்தரா ஹில்ஸ் புலிகள் காப்பகம். ரெண்டு மலைத்தொடர் இணையா ஓடும், நடுவுல ஒடுக்கமான பள்ளத்தாக்கு, பக்கத்துல சம்பல் ஆறு. கோட்டா படத்தைப் பாத்தீங்கன்னா செங்குத்துப் பாறை, அடியில தண்ணி, தண்ணி ஓரத்துல அடர்த்தியா மரம், அந்த நிலம் அப்படியே வந்திருக்கும். முக்காவாசிப் படத்துல புலி வர்ற இடம் தண்ணி பக்கம், ஆளுங்க இருக்கறது எதிர்ப்பக்கம் மரத்துலயோ கல்லுல கட்டின மேடையிலயோ, பச்சைத் துணி உடுத்திட்டு. அங்க புலிக்காக மறைஞ்சு உக்காந்தவங்களுக்கு மட்டுமே தெரியற விஷயம் இது. ராஜா சின்னதா இருக்கறதுக்குக் காரணம் எனக்கு ரொம்ப சாதாரணமா படுது, மறைஞ்சு உக்காந்தவன் சின்னதாத்தான் தெரிவான், பெருசா தெரிஞ்சா புலி வராது! ஓவியன் புலி இருக்கற பக்கத்துல நின்னு பாக்கறான். அதுதான் என்னை அந்தப் படங்கள்ல கட்டிப் போட்ட விஷயம்.

இந்தப் படங்களையும் எழுத்தையும் சேத்து வச்சா இன்னிக்கு இல்லாத ஒரு காடு தெரியும். சிவிங்கிப்புலியை, அதாவது சீட்டாவை, எடுத்துக்கோங்க. அக்பர்கிட்ட அது வேட்டை நாய் மாதிரி வேலை பாத்துச்சு, கண்ணைக் கட்டி வண்டியில கூட்டிட்டுப் போவாங்க, மான் கண்ணுல பட்டதும் கட்டை அவுத்து விடுவாங்க. 1572ல சாங்கானேர் பக்கத்துல ஒரு சிவிங்கிப்புலி பெரிய பள்ளத்தைத் தாண்டிப் பாய்ஞ்சு மானைப் பிடிச்சுது, அக்பர் அதுக்குப் பதவி உயர்வு கொடுத்து அது போற முன்னாடி முரசு அடிக்கச் சொன்னார். அதுவும் அக்பர்நாமாவுல படமா இருக்கு, லால், சான்வலா ரெண்டு பேரும் சேந்து போட்டது. ஜஹாங்கீர் எழுதறார், அவங்கப்பா ஆயுள்ல கிட்டத்தட்ட 9,000 சிவிங்கிப்புலி சேத்தாராம், ஆனா அடைச்சு வச்சா இனப்பெருக்கம் நடக்காது, ஒரே ஒரு தடவை ஜஹாங்கீர் காலத்துல குட்டி போட்டதை அதிசயமா குறிச்சு வச்சிருக்கார். அதாவது ஒவ்வொண்ணும் காட்டுல இருந்து பிடிச்சது. இதை நெனச்சா எனக்கு மனசு பதறுதுங்க. 1952ல இந்தியாவுல அது அழிஞ்சே போச்சுன்னு அறிவிச்சாங்க, 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து எட்டு கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துல குனோ காட்டுல விட்டாங்க.

சிங்கமும் அப்படித்தான். ஷாஜகான் 1630ல புர்ஹான்பூர்ல சிங்க வேட்டையாடறது பாத்ஷாநாமாவுல இருக்கு, வலை கட்டி யானைகளை வச்சு வளைச்சிருப்பாங்க. தபதி ஆத்தோரம் சிங்கம்! இன்னிக்கு ஆசிய சிங்கம் காட்டுல இருக்கறது குஜராத்துல கிர் வட்டாரத்துல மட்டும்தான். ஜஹாங்கீர் தன்னோட கணக்கையே கொடுத்திருக்கார், பன்னிரண்டு வயசுல இருந்து ஐம்பது வயசு வரைக்கும் அவர் முன்னால வேட்டையில விழுந்தது 28,532, அதுல அவர் கையால மட்டும் 17,167. ஒரு ஆள். அதனால அந்தப் படங்களோட அழகை ரசிக்கும்போது எனக்கு இந்த நம்பரும் கூடவே வரும், வரணும்னும் நினைக்கறேன்.

ஆனா ஒண்ணு, படத்துல இருக்கறதை வச்சு இத்தனை புலி இருந்துச்சுன்னு எண்ணக் கூடாதுங்க. சிலர் அப்படி எழுதறாங்க. ஜோடியா ரெண்டு புலி வந்தா படம் நல்லா அமையும்னு ஓவியன் போட்டிருக்கலாம். எந்த மிருகம், எந்த மாதிரி இடம், எப்படி நடந்துக்கும், இதுக்கு மட்டும் படத்தை நம்பலாம்.

வரலாற்றுப்பித்தன்:

காட்டுவாசி அண்ணா, புலி பக்கத்துல நின்னு பாக்கறான்னு சொன்னது நெஞ்சைத் தொட்டுச்சு, ஆனா முழுசா ஒத்துக்க முடியல. கோட்டாவுல உமேத் சிங் பட்டத்துக்கு வந்தப்ப அவர் சின்னப் பையன், 1771 வாக்குல. ஆட்சி முழுக்க ஜாலிம் சிங் ஜாலாங்கற மந்திரி கையில, உமேத் சிங் 1819ல சாகற வரைக்குமே அப்படித்தான். பல வேட்டைப் படங்கள்ல ரெண்டு பேரும் சேந்தே உக்காந்து சுடுவாங்க. அதைப் பாக்கற அரசவைக்காரனுக்கு என்ன தோணும், ராஜா வேட்டையில வீரன், மந்திரி பக்கத்துலயே விசுவாசமா இருக்கார், எல்லாம் சுமுகம். உருவம் சின்னதா இருந்தாலும் சொல்ற சேதி சின்னது இல்ல.

வேட்டை பலிக்கறது நாட்டுக்கே சகுனம்ங்கறதும் இருக்கு. மேவார்ல வசந்த காலத்துல ஜோசியர் நேரம் குறிச்சுக் கொடுப்பார், ராணா தன் பிரபுக்களுக்கும் ஊழியருக்கும் பச்சை உடுப்பு கொடுப்பார், எல்லாரும் பன்னி வேட்டைக்குப் போவாங்க, விழுந்த பன்னி கௌரிக்குப் படையல், வேட்டை நல்லா அமைஞ்சா வருஷம் நல்லாருக்கும்னு நம்பிக்கை. ராஜபுத்திரர் வரலாற்றை எழுதின பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் டாட் இதை எழுதி வச்சிருக்கார். ஔரங்கசீப்போட காஷ்மீர் பயணத்துல கூடப் போன பிரெஞ்சுக்காரர் பெர்னியே எழுதறதும் இதேதான், சிங்கம் தப்பிச்சா கெட்ட சகுனம், விழுந்தா அதை தர்பாருக்குக் கொண்டுவந்து அளந்து, பல்லு எவ்வளவு நகம் எவ்வளவுன்னு அரசாங்கக் குறிப்புல ஏத்துவாங்களாம். அதுக்கு முன்னாடி ஒரு கழுதையைக் கட்டி வச்சு, அது தொண்டையில அபின் திணிச்சு, அதைத் தின்ன சிங்கம் மயங்கினதும்தான் வலையைக் கட்டி பாதுஷாவைக் கூப்பிடுவாங்கன்னும் அவரே சொல்றார். அந்தக் கழுதையை எந்த அரசவைப் படத்துலயும் நான் இதுவரைக்கும் பாக்கல.

மல்லிகா:

பெண்கள் கிடையாதான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லாம ராஜா மந்திரின்னே போயிட்டு இருக்கீங்க, நான் சொல்றேன் செம்பருத்தி.

இருக்காங்க, நல்லாவே இருக்காங்க. 1617ல நூர்ஜஹான் யானை மேல அம்பாரிக்குள்ள உக்காந்து ஆறு குண்டுல நாலு புலியைச் சுட்டதா ஜஹாங்கீரே எழுதியிருக்கார், இப்படி ஒரு சுடுதல் பாத்ததே இல்லைன்னு பூரிச்சுப் போறார். ஆடற யானை முதுகுல, திரைக்குள்ள இருந்து, திரி பத்த வச்சு சுடற துப்பாக்கியால. ராம்பூர் ரஸா நூலகத்துல அபுல் ஹசன் வரைஞ்ச ஒரு படம் இருக்கு, நூர்ஜஹான் நின்னுக்கிட்டு துப்பாக்கியில மருந்து இடிக்கறாங்க, ஆண் உடுப்பு மாதிரி தலைப்பாகையோட. ராணி படம்னா பூவும் கிண்ணமும் கையில இருக்கும், இதுல கை வேலை பாக்குது. நேரம் எடுத்துப் பாருங்க, பிடி எவ்வளவு உறுதியா இருக்குன்னு.

கோட்டாவுலயும் அந்தப்புரப் பெண்கள் மாடத்துல இருந்து புலி சுடற படங்கள் உண்டு. தக்காணத்துல சாந்த் பீபி குதிரை மேல கையில ராஜாளியோட போற படம் 1700 வாக்குல திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்காங்க, அவங்க இறந்து நூறு வருஷம் கழிச்சு! அகமதுநகர் கோட்டையைக் காத்தவங்கங்கற ஞாபகம் அவ்வளவு நாள் நின்னிருக்கு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ராணிங்க படம் இல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுல பீல் பழங்குடி ஜோடி ராத்திரியில மான் வேட்டையாடற காட்சி பல ஊர்ல வரைஞ்சிருக்காங்க. முழு இருட்டு. பெண் கையில விளக்கும் மணியும், மான்கள் அந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் பாத்து அசையாம நிக்குது, பின்னால ஆண் வில்லை இழுத்துட்டு நிக்கறான். இலையாடை கட்டியிருப்பாங்க. வெளிச்சம் மட்டும் முக்கோணமா தங்க நிறத்துல விரியும், அந்த முக்கோணத்துக்குள்ள இருக்கற புல்லும் மான் முகமும் மட்டும்தான் கலர்ல, மீதி எல்லாம் நிழல். இதுல முரசு இல்ல, படை இல்ல, சாப்பாட்டுக்கான வேட்டை. அரண்மனைக்காரங்க வேடிக்கையா நினைச்சு வாங்கியிருக்கலாம், பழங்குடிங்களை அழகுப் பொருளா பாத்திருக்கலாம், அது இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு இல்லாம அந்த வேட்டையே நடக்காது, ஓவியனுக்கு அது தெரிஞ்சிருக்கு.

அதோட இன்னொண்ணு சொல்லணும். ராஜா படங்கள்லயும் ஓரத்துல காட்டைக் கலைச்சு மிருகத்தை விரட்டறவங்க, கொட்டு அடிக்கறவங்க, வலை பிடிக்கறவங்க யாருன்னு பாருங்க. மேவார், கோட்டா பக்கம் அதுல நிறைய பேர் பீல்கள்தான். புலி எங்க வரும்னு ராஜாவுக்குச் சொன்னதே அவங்கதான். பின்பக்க எழுத்துல ராஜா பேரும் பிரபுக்கள் பேரும் இருக்கும்னு டீச்சர் சார் சொன்னார், இவங்க பேர் எவ்வளவு தூரம் இருக்கும்?

தூரிகைக்காரர்:

மல்லிகாம்மா கேட்டது நியாயமான கேள்வி. பேர் பெரும்பாலும் இருக்காது. ஆனா முகத்தை மறந்துடாதீங்க. முகலாய பட்டறையில ஒரு படத்துக்கு அமைப்பு ஒருத்தர், கலர் ஒருத்தர், முக்கியமான முகத்துக்கு மட்டும் தனியா ஒருத்தர்னு வேலை பிரிச்சிருப்பாங்க. பாதுஷா முகத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, பக்கவாட்டுல, அமைதியா, சிங்கம் பாய்ஞ்சாலும் புருவம் அசையாது. அந்தக் கட்டுப்பாடு ஓரத்து ஆளுங்களுக்குக் கிடையாது. 1561ல நர்வார் பக்கத்துல குட்டிகளோட வந்த பெண்புலியை அக்பர் வாளால வெட்டற படம், பசாவன் அமைச்சு தாரா கலான் கலர் போட்டது, அதைப் பெருசு பண்ணிப் பாருங்க. அக்பர் முகம் ஏதோ படிச்சுட்டு இருக்கறவர் முகம் மாதிரி. சுத்தி இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா பதறறாங்க, உடம்பு முறுக்கி, வாய் திறந்து. ஓவியன் சுதந்திரமா மூச்சு விட்ட இடம் அதுதான்னு நான் நம்பறேன், மிருகமும் ஓரத்து மனுஷங்களும். உங்க மூணாவது கேள்விக்கும் இதுதான் என் பதில் செம்பருத்திம்மா. அந்தப் பிரியம் ராஜா கேட்டு வந்தது இல்ல, தினமும் பாத்துப் பாத்து வரைஞ்சவன் கையில தானா ஊறினது.

வரலாற்றுப்பித்தன் சொல்ற அரசியலும் சரி, காட்டுவாசி தம்பி சொல்ற நிலமும் சரி. வேலை கொடுத்தது அரசாங்கம், அதுக்குள்ள ஓவியன் தன் கண்ணையும் வச்சுட்டுப் போயிருக்கான்.

செம்பருத்தி:

படிச்சு முடிச்சதும் நான் எடுத்த போட்டோக்களைத் திரும்ப பெருசு பண்ணிப் பாத்தேன், ஓரத்துல ஒருத்தர் செத்த பன்னியைக் கம்புல கட்டித் தூக்கிட்டுப் போறார், கூட ஒரு நாய் அண்ணாந்து பாத்துட்டே ஓடுது, அங்க நிக்கும்போது இது என் கண்ணுலயே படல. மல்லிகா அக்கா, அந்த நூர்ஜஹான் படத்தை எங்க பொண்ணுக்குக் காட்டினேன், இப்ப அதைத்தான் வரைஞ்சுட்டு இருக்கா.

இதையெல்லாம் வீட்ல இருந்தே நல்லா பாக்க வழி இருக்கா? திரும்ப வடக்க போறது இப்போதைக்கு நடக்காது.

தூரிகைக்காரர்:

தாராளமா இருக்கு. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், மெட்ரோபாலிடன் ரெண்டு மியூசியத்தோட வெப்சைட்லயும் படங்களைப் பெருசு பண்ணிப் பாக்கலாம், காசு கிடையாது. தேடும்போது அக்பர்நாமா, கோட்டா, மேவார் மூணையும் தனித்தனியா போட்டுத் தேடுங்க, வேட்டைன்னு மட்டும் போட்டா எல்லாம் கலந்து வரும். மொபைல்ல பாக்காதீங்க, லேப்டாப்ல பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும், முதல் பத்து நிமிஷம் ராஜா பக்கமே போகாம கீழ்மூலையில இருந்து ஆரம்பிச்சு ஓரமாவே சுத்தி வாங்க. பொண்ணுக்கு வரைய ஆசைன்னா கோட்டாவோட கோட்டுப் படங்களை முதல்ல காட்டுங்க, கலர்ப் படத்தை அப்புறம் காட்டலாம். யானைக் கோடு ரெண்டு மூணு தடவை மாத்திப் போட்டிருக்கறதைப் பாத்தா குழந்தைக்கு பென்சில் எடுக்க பயம் போயிடும். அவ வரைஞ்சதை முடிஞ்சா இந்தத் திரியிலயே போடுங்கம்மா, நான் பாத்து சொல்றேன்.